கிளப் ஆர்கன் நைட்: பழைய ஹேமண்டா, புது டிஜிட்டலா?

இங்கிலாந்துல சின்ன ஊர்கள்ல ஆர்கன் கிளப்னு இருக்கும் (ஆர்கன்னா கீபோர்டு மாதிரி கட்டைகளை அழுத்தி வாசிக்கற வாத்தியம்), சாயங்காலம் ஒரு கச்சேரி, நடுவுல டீ, ராஃபிள்னு பரிசுக் குலுக்கல் டிக்கெட். அங்க ஹேமண்ட் பி-3ங்கற பழைய மின்சார ஆர்கன் கேக்கலாமா, யமஹா எலக்டோன், வெர்சி மாதிரி டிஜிட்டல் ஆர்கன் கேக்கலாமான்னா என் ஓட்டு ஹேமண்டுக்குத்தான்.

ஹேமண்டுக்குள்ள 91 சின்ன இரும்புச் சக்கரம் மோட்டார்ல சுத்திட்டே இருக்கும், பக்கத்துல இருக்கற காந்தச் சுருள்ல கரண்ட் உண்டாகும், அதுதான் சத்தம், வாசிக்கறவர் டிராபார்ங்கற சின்ன இழுப்புக் கம்பிகளை இழுத்து தள்ளி டோனை அப்பப்ப தானே கலக்கணும். கூட லெஸ்லி ஸ்பீக்கர் வேற, உள்ள ஹார்னே சுத்தும், வேகம் மாத்துனா ஹாலே அசையற மாதிரி இருக்கும். கீ அழுத்துறப்ப வர்ற அந்த 'டிக்' சத்தத்தை முதல்ல குறைன்னுதான் நெனச்சாங்க, இப்ப அது இல்லனா ரசிகருங்க சண்டைக்கு வருவாங்க!

டிஜிட்டல்ல வயலின், டிரம்பெட், டிரம்ஸ்னு ஒத்த ஆளே முழு பேண்டு, செட்டிங் எல்லாம் சேவ் பண்ணி வச்சு ஒரு பட்டன்ல மாத்திடுவார். டான்ஸ் ஆடணும்னா இதுதான் சரி. ஆனா ஆட்டோ ரிதம், அதாவது மெஷினே போடற தாளம், ஓட ஆரம்பிச்சா எனக்கு கேசட் போட்ட ஃபீல் வந்துடும்.

கிளப்காரங்க கஷ்டமும் புரியுது, பி-3 உற்பத்தி 1974லயே நின்னுடுச்சு, பெஞ்ச், காலால வாசிக்கற பெடலோட 180 கிலோவுக்கு மேல, யாரு தூக்கறது? ரெண்டுல எந்தக் கச்சேரிக்குப் போனாலும் பெடல்ல கால் ஓடறது தெரியற மாதிரி சீட் பிடிங்க.