பை மேல சத்து லிஸ்ட் நீளம், உள்ள தண்ணியே இறங்கல

ரெண்டு ஸ்டார்தான். அதுல ஒண்ணு பேக்கிங்குக்கு.

ரோஜா தொட்டிக்காக இந்த ரெடிமேட் மண் கலவை ரெண்டு பை வாங்கினேன். நைட்ரஜன் இவ்ளோ பொட்டாஷ் இவ்ளோன்னு பை முழுக்க எழுதியிருந்துச்சு, பிரிச்சா கருகருன்னு சலிச்ச மாவு மாதிரி இருக்கு, ஒரு கல்லு இல்ல, ஒரு களை கூட முளைக்கல, நல்ல சரக்குன்னு நம்பிட்டேன். அந்த மாவுதான் வில்லன்னு அப்ப தெரியாது.

மூணாவது வாரத்துலயே மண்ணு இறுகிப்போச்சு. தண்ணி ஊத்துனா மேலயே குளம் மாதிரி நிக்குது, ரெண்டு நாள் காயவிட்டா மண்ணு சுருங்கி தொட்டி சுவரை விட்டு விலகிடுது, அப்புறம் ஊத்துற தண்ணியெல்லாம் அந்த இடுக்கு வழியா ஓடி அடி ஓட்டைல வந்துடுது, நடுவுல வேர் இருக்கற இடம் காஞ்சே கிடக்கு. இலை மஞ்சளாச்சு. கடைக்காரங்கள கேட்டா இன்னும் கொஞ்சம் உரம் போடுங்கங்கறாங்க. செடிக்கு மூச்சு முட்டுதுங்க, சாப்பாடு போட்டு என்ன பண்றது?

கடுப்புல நானே டெஸ்ட் பண்ணேன். கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு இந்த மண்ணு, மீதி தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், நல்லா குலுக்கி வெச்சாச்சு. மணல் ஒரு நிமிஷத்துல அடில உக்காந்துடும், வண்டல் உக்கார ரெண்டு மணி நேரம் பிடிக்கும், களி இருந்தா நாள் கணக்குல கலங்கலாவே நிக்கும். எனக்கு அடில மணல் ஒரு கோடு அளவுதான், மறுநாளும் தண்ணி டீ கலர்லயே நிக்குது, மேல கொஞ்சம் தேங்கா நார் மிதக்குது. ஈர மண்ணை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு பட்டையா தள்ளிப் பாத்தேன், 5 சென்டிமீட்டர் தாண்டியும் உடையல. அந்த நீளம் வந்தாலே களிமண்ணுதான், சந்தேகமே வேண்டாம்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, காயவெச்சு லிட்டர் டப்பால தட்டி நிரப்பி எடை போட்டா 1.4 கிலோ. மண் துகளோட அடர்த்தி லிட்டருக்கு சுமாரா 2.65 கிலோ, கணக்கு போட்டா கிட்டத்தட்ட பாதி, 47 சதவீதம், காலி இடம்தான்! அப்புறம் ஏன் தண்ணி இறங்கல? களித் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது, அதனால நடுவுல இருக்கற ஓட்டையும் அவ்ளோ பொடிசு, தண்ணியை இழுத்து வெச்சுக்கும், விடாது, காத்துக்கு இடமே இருக்காது. மணல்ல மொத்த காலி இடம் இதைவிட கம்மி, ஆனா ஒவ்வொரு ஓட்டையும் பெருசு, ஊத்துனதும் இறங்கிடும். எவ்ளோ இடம் இருக்குங்கறதை விட எந்த சைஸ்ல இருக்குங்கறதுதான் மேட்டர். பை மேல அதைப் பத்தி ஒரு வரி கிடையாது.

செடியைப் பிடுங்கிப் பாத்தா அடி வேர் கறுத்து, சாக்கடை நாத்தம். கொஞ்சம் மணல் கலந்தா சரியாயிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, களில கொஞ்சூண்டு மணல் சேத்தா செங்கல்லு மாதிரி ஆயிடும். நான் பாதிக்குப் பாதி பெர்லைட்டும் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்லு) சொரசொரப்பான மக்கின உரமும் போட்டு கலந்தேன், இப்ப தண்ணி ஊத்துனா உடனே அடில சொட்டுது, புதுத் தளிர் ரெண்டு வந்திருக்கு.

இன்னொரு பை பிரிக்காம அப்படியே கிடக்கு. ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்களாம்.