க்ளீனர் சாஃப்ட்வேரை நம்பி இரண்டு வருடச் சந்தாவும் போச்சு, ஃபைல்களும் போச்சு: எச்சரிக்கை

ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு க்ளீனர் சாஃப்ட்வேர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இரண்டு வருடச் சந்தாவை வாங்கிக்கொண்டு, அவருடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அடியோடு துடைத்துவிட்டது. குடும்பப் படங்கள், ஸ்கேன் செய்து வைத்த ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ரிப்பேருக்கு வந்த அந்த மெஷினில் தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன். சாஃப்ட்வேரின் பெயரைப் போடவில்லை. இந்த வகையறா பெயரையும் ஐகானையும் மாற்றிக்கொண்டே இருக்கும். வேலை செய்யும் விதம் மட்டும் மாறாது, அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நம்ப வைத்தது அந்த இலவச ஸ்கேன். திரையில் பச்சைக் கேடயம். அரை நிமிடத்தில் அது சிவப்பாகிறது, எண் ஏறிக்கொண்டே போய் "1,312 பிரச்சினைகள்" என்று நிற்கிறது. கீழே ஒரே ஒரு பெரிய பட்டன், "அனைத்தையும் சரிசெய்". அழுத்தினால் சந்தாப் பக்கம் திறக்கும். தன் கம்ப்யூட்டர் கெட்டுக் கிடக்கிறது என்று இப்படிச் சொன்னால் யாருக்கும் கை பதறும். அவர் கார்டு நம்பரைக் கொடுத்தது அந்தப் பதற்றத்தில்தான்.

அந்த 1,312 என்னவென்று, அந்தச் சாஃப்ட்வேர் தான் செய்ததைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால் வயிறு எரிகிறது. ஆயிரத்துக்கு மேல் வெறும் பிரவுசர் குக்கிகள் (வெப்சைட்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்), ஒவ்வொன்றும் ஒரு "பிரச்சினை". மீதியில் பெரும்பகுதி ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் டேட்டாபேஸின் பதிவுகள், அதிலும் பல "ஃபைல் காணவில்லை" ரகம். காணவில்லை என்று சொன்ன ஃபைல்கள் இருந்தது ஒரு பென் டிரைவில். ஸ்கேன் ஓடிய நேரத்தில் அது செருகியிருக்கவில்லை, அவ்வளவுதான். நெட்வொர்க் டிரைவில் இருக்கும் ஃபைல்களுக்கும் இதே கதிதான்.

ரெஜிஸ்ட்ரியில் குப்பை சேர்ந்தால் கம்ப்யூட்டர் மெதுவாகும் என்பதை நம்பாதவர்கள் குறைவு. விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளைப் போட்டு வைக்கும் டேட்டாபேஸ் அது. ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய கீ எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போய் எடுக்கும். முழு ரெஜிஸ்ட்ரியையும் முதலிலிருந்து படித்துக்கொண்டு போகாது. எனவே யாரும் தொடாத 300 பதிவுகள் அதில் கிடந்தாலும் வேகம் குறையாது. நீக்கினால் மிச்சமாவது சில கிலோபைட். தப்பான ஒன்றை நீக்கினாலோ பிரிண்டர் வேலை செய்யாது, ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எதில் திறப்பது என்று கேட்கும், சில சமயம் விண்டோஸே பூட் ஆகாது. ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுத்தில் சொல்லியிருக்கிறது. 'மெமரியை விடுவிக்கும்' பட்டனும் இதே ரகம்தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் டேட்டாவை ராமிலிருந்து வெளியே தள்ளிவிட்டுக் காலி இடம் கூடியதாகக் காட்டும். அடுத்த கிளிக்கிலேயே அந்த டேட்டாவைத் திரும்ப இழுக்க வேண்டும், மெஷின் முன்பைவிடத் திணறும்.

முதல் வருடம் கண்ணுக்குத் தெரிந்த சேதம் இல்லை. வாரம் ஒருமுறை குக்கிகளை அழித்துவிட்டு "உங்கள் கணினி ஆரோக்கியமாக உள்ளது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நம்பிக்கை வேரூன்றியது அப்போதுதான். வருடம் முடிந்ததும் கேட்காமலே இரண்டாவது வருடச் சந்தாவையும் கார்டிலிருந்து எடுத்தார்கள். ஆட்டோ ரினியூவலுக்கான டிக், பணம் கட்டும் பக்கத்தின் அடியில் மங்கிய எழுத்தில், முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. சந்தா புதுப்பித்ததும் சாஃப்ட்வேரும் அப்டேட் ஆனது. "ஆழ்ந்த சுத்தம்" என்று புதிதாக ஒரு வசதி, அதற்கும் டிக் தயாராக. அன்றிரவே ஷெட்யூல்படி அது ஓடிவிட்டது. அது செய்தது மூன்று காரியங்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் 'தற்காலிக ஃபைல்கள்' கணக்கில் சேர்த்து, ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாமல் நேரடியாக அழித்தது. அந்த மெஷினில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், அழித்த ஃபைலின் டேட்டா அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும், மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் விண்டோஸ் உடனே ட்ரிம் கட்டளை அனுப்பி, இந்த இடம் இனி வேண்டாம் என்று டிரைவிடம் சொல்லிவிடும். டிரைவ் அதைக் காலி செய்துவிடும். ரெகவரி சாஃப்ட்வேரை ஓட்டியபோது ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்தன, அளவும் தேதியும் சரியாகவே இருந்தன. பெயர்ப் பட்டியல் தனி இடத்தில் இருப்பதால் அது தப்பிவிட்டது. ஒரு படத்தை, ஃபைலின் பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் திறந்தால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை 00 00 00, அதாவது வெறும் காலி. அடுத்ததும் அப்படியே. அவர் தேடிய ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற மறைவான ஃபோல்டர். பல புரோகிராம்களின் எம்எஸ்ஐ, எம்எஸ்பி ஃபைல்கள் (இன்ஸ்டால் செய்யவும் அப்டேட் செய்யவும் பயன்படுபவை) அங்கே இருக்கும். சில சமயம் பல ஜிபி பிடிக்கும் என்பதால் க்ளீனர்களின் கண் அதன் மேல் விழும். அந்த ஃபைல்கள் இல்லாமல் அந்தப் புரோகிராம்களை அப்டேட் செய்யவோ, ரிப்பேர் செய்யவோ, ஏன், அன்இன்ஸ்டால் செய்யவோகூட முடியாது. இந்த மெஷினில் ஆஃபீஸ் பேக்கேஜ் அந்த நிலைமையில்தான் இருந்தது. வேறு கம்ப்யூட்டரிலிருந்து காப்பி எடுத்துப் போட்டாலும் உதவாது, ஒவ்வொரு மெஷினிலும் அந்த ஃபைல்களின் பெயர் வேறு வேறு.

மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது. பழைய ரீஸ்டோர் பாயின்ட்களை, அதாவது சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் பதிவுகளை, 'வீணாகும் இடம்' என்று அழித்துவிட்டது. ரெஜிஸ்ட்ரியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகக் கையில் இருந்த ஒரே வழியையும் அதுவே அடைத்தது.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. சாட்டில் கேட்டால் "லாக் ஃபைலை அனுப்புங்கள்" என்றார்கள். அனுப்பினால் "தொழில்நுட்பக் குழு பார்க்கும்". அடுத்த பதிலில் "அமைப்புகளில் டிக்கை எடுக்காதது பயனரின் பொறுப்பு". டிக்கைப் போட்டது யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், உத்தரவாதக் காலம் முதல் முறை வாங்கிய தேதியிலிருந்து 30 நாள்தானாம், புதுப்பித்ததற்குப் பொருந்தாதாம். கடைசியில் மூன்றாம் வருடத்துக்குப் பாதி விலைச் சலுகை என்று ஒரு மெயில் அனுப்பினார்கள். இரண்டு வருடச் சந்தாவை விழுங்கியவர்கள் அடுத்த வருடத்தையும் கேட்கிறார்கள்!

இது ஒரே ஒரு கம்பெனியின் கதை இல்லை. அமெரிக்காவில் 2019-ல் ஆஃபீஸ் டிப்போ என்ற கடைத்தொடரும், அதற்கு ஸ்கேன் சாஃப்ட்வேர் கொடுத்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. கடைகளில் ஓட்டிய இலவச ஸ்கேன், ஆரம்பத்தில் கேட்கும் நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு டிக் போட்டாலே மால்வேர் (கெடுதல் செய்யும் புரோகிராம்) அறிகுறி என்று காட்டியது என்பது, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அந்நாட்டு அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. மெஷினில் உண்மையில் என்ன இருந்தது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. 2024-ல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் இதே மாதிரிப் புகாரில் 2.6 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. பெயர் பெற்ற சாஃப்ட்வேர் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் 2017-ஐ நினைவில் வையுங்கள். உலகம் முழுக்கப் பிரபலமான க்ளீனரான சிசிக்ளீனரின் 5.33 பதிப்பில் வெளியாட்கள் மால்வேரைச் சொருகிவிட்டார்கள், அதிகாரபூர்வ டவுன்லோடிலேயே அது வந்தது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் அந்தப் பதிப்பு ஏறியிருந்தது. சிஸ்டம் முழுவதையும் தொட உரிமை கேட்கும் ஒரு புரோகிராமில் ஓட்டை விழுந்தால் அதன் வீச்சு அவ்வளவு.

என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன், விரிவாகச் சொல்ல இப்போது பொறுமை இல்லை. அவசரமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இடம் வேண்டுமென்றால் விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் போதும். அங்கேயும் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கான வரியை ஒருமுறை பார்த்து, டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மெதுவாக இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும். அங்கே இல்லையென்றால் பெரும்பாலும் ராம் போதவில்லை, அல்லது இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது. இரண்டையும் எந்தக் க்ளீனராலும் சரிசெய்ய முடியாது.

ஃபைல் அழிந்துவிட்டால், ஹார்ட் டிஸ்க் என்றால் உடனே மெஷினை நிறுத்துங்கள். ரெகவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் சின்க் ஆன ஃபோல்டர் என்றால் அதன் வெப்சைட்டில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள், தனிநபர் கணக்கில் 30 நாள் இருக்கும்.

சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்வதால் சந்தா நிற்காது. கணக்குப் பக்கத்துக்குப் போய் ஆட்டோ ரினியூவலைத் தனியாக ரத்து செய்து, அந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேட்காமல் எடுத்த பணத்துக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், அதற்குக் கால வரம்பு உண்டு. இவருக்கு முதல் வருடச் சந்தா போனது போனதுதான், இரண்டாவது வருடத்துக்கு ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். அன்இன்ஸ்டால் செய்த பிறகு, குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரையும் திறந்து பாருங்கள். இந்த மெஷினில் "ஆழ்ந்த சுத்தம்" அடுத்த வாரத்துக்கு இன்னும் ஷெட்யூலாகியே இருந்தது.