காதையும் திறந்து வைத்துக்கொண்டு வாசித்த ஒன்றரை வருடம்

ஒன்றரை வருடமாக நான் வாசிப்பது மூன்றே வகை: இசைக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறு, சினிமா பற்றிய புத்தகங்கள், காமிக்ஸ். இவ்வளவு காலம் பழகிய பிறகு ஒன்றைத் தயங்காமல் சொல்வேன். இந்த மூன்றையும் எழுத்தை மட்டும் பார்த்து வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

ஆரம்பத்தில் வாழ்க்கை வரலாறுகளை நாவல் மாதிரி ஓட்டமாக வாசித்தேன். பிறப்பு, குரு, புகழ், மரணம். எல்லாக் கலைஞர்களும் ஒரே ஆள் போலத் தெரிந்தார்கள். நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் (1898–1956) பற்றி வாசித்தபோதுதான் என் வழி மாறியது. அவருக்கு முன் அதிகம் புழங்கியது திமிரி என்கிற குட்டை நாதஸ்வரம். சுருதி உச்சத்தில் நிற்கும். அவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் சொல்லி, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைச் செய்வித்தார். நீளம் கூடினால் ஒலி எப்படி மாறும்? அந்தப் பத்தியை நாலு தரம் வாசித்தும் பிடிபடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு அவர் வாசித்த தோடி ராகத்தை யூடியூபில் போட்டேன். மணிக்கணக்கில் தோடி வாசித்தவர், பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சத்துக்குள் அதை அடக்க வேண்டியிருந்தது. அந்த அவசரம் தெரியவே இல்லை. கீழ் ஸ்தாயியில் குழல் இறங்கி நிற்கும் இடத்தில் எனக்கு அந்தப் பத்தி விளங்கிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் எங்கள் ஊர் திருகோணமலையின் கோணேசர் கோயிலில், பூசைக்கு முன் நாதஸ்வரத்தின் ஊது நாக்கான சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்த வித்துவான் ஒருவரிடம் போய் நின்றேன். ஆச்சா மரத்தில் கடைந்த குழலைத் தொட்டுப் பார்க்கத் தந்தார். நான் நினைத்ததைவிடக் கனம். திமிரியைப் பற்றிக் கேட்டேன். "அதை இப்ப ஆர் தம்பி வாசிக்கிறது?" என்று சிரித்தார். அந்தப் பத்து நிமிடத்தில் ஓர் அத்தியாயத்துக்கு உரிய விளக்கம் கிடைத்தது.

அன்றிலிருந்து இதுதான் பழக்கம். புத்தகத்தில் ஒரு ராகமோ கச்சேரியோ வந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கம். 300 பக்கப் புத்தகத்துக்கு இரண்டு மாதம் போகிறது, போகட்டும். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தபோது வயது 41தான். அவரைப் பற்றிய ஒரு கட்டுரையை ஒலிப்பதிவோடு சேர்த்து வாசித்தபோது, அவர் வாழ்ந்திருந்தால் என்ற எண்ணத்தில் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சினிமாப் புத்தகங்களில் எனக்கு ஏமாற்றம்தான் அதிகம். யார் யாரோடு நடித்தார், எத்தனை நாள் ஓடியது என்பதோடு பலது முடிந்துவிடுகிறது. விதிவிலக்கு, இயக்குநர் ஹிட்ச்காக்கை 1962இல் உட்காரவைத்து பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ எடுத்த நீண்ட நேர்காணல். ஹிட்ச்காக்கின் சைக்கோ படத்தில் வரும் குளியலறைக் கொலை 45 விநாடி; அதற்கு 7 நாள் படப்பிடிப்பு, கமராவை 70 தரம் இடம் மாற்றி வைத்தார்கள். அதை வாசித்துவிட்டு அந்தக் காட்சியை போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கத்தி உடம்பில் இறங்குகிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தது என் மனம்தான். இன்னொன்று, எங்கள் ஊர்க்காரர் பலருக்கே தெரியாது: இலங்கையின் முதல் முழுநீள வண்ணப் படமான ரன்முத்து தூவ, 1962இல் வந்தது, திருகோணமலைக் கடலில் எடுத்தது. இயக்கிய மைக் வில்சன், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு சேர்ந்து இங்கே கடலடியில் சுழியோடியவர். அதை அறிந்த பிறகு கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையின் உச்சியில் நின்று கீழே பார்க்கும்போது தண்ணீருக்கு அடியில் ஒரு கமரா இருந்ததை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

காமிக்ஸுக்கு வருகிறேன். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் இரண்டு பழைய பிரதிகள் மாமாவிடமிருந்து வந்தவை. சாணித்தாள், மஞ்சள் ஏறிவிட்டது, ஆனால் பக்கம் பிரிகிறது. இப்போது வருகிற பளபளப்புத் தாள் வண்ணப் பதிப்புகளுக்கு எங்கள் கடல்காற்று ஒத்துவராது. போன மாரியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சல் ஒன்று ஒரு மூலை நனைந்து வந்தது. காய்ந்த பிறகு பக்கங்களைப் பிரித்தால் குதிரைவீரனின் முகம் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது! காசு போனதைவிட அந்தப் படம் போனதுதான் கவலை. இப்போது மாரி தொடங்குமுன் பக்கங்களுக்கிடையே எண்ணெய்த் தாள் வைக்கிறேன், புத்தகங்களைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வைக்கிறேன். காய்ந்த கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒரு தரம் வெளியே எடுத்து விசிறிவிடுவேன். அதற்குப் பிறகு ஒன்றும் ஒட்டவில்லை.

வாங்கியதில் என்னை மிகவும் அசைத்தது 2019இல் வந்த வன்னி என்ற ஆங்கிலச் சித்திர நாவல். பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைந்தது. சுனாமியிலிருந்து 2009இல் யுத்தம் முடியும் வரை, வன்னிப் பகுதியில் ஒரு குடும்பத்தின் ஓட்டம். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. விறாந்தையில் இருந்து ஒரு பின்னேரம் முழுக்கப் படங்களை மட்டும் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு தரம் கேட்டார்:

"எழுதினவர் அங்க இருந்தவரோ?"

ஐ.நா.வில் வேலை செய்தவர், 2008 செப்டெம்பரில் வெளியேற வேண்டிவந்தது என்றேன்.

"அப்ப கடைசி மாதங்கள்?"

"தப்பி வந்த ஆக்களிட்டக் கேட்டு எழுதினது, பெரியம்மா."

ஒன்றும் பேசாமல் திரும்ப முதல் பக்கத்தைப் புரட்டினார். நான்கு மாதமாகிறது, புத்தகம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.