45 நாளா, 300 நாளா? அமெரிக்க அரசு வேலையில் பாகுபாட்டுப் புகாருக்கான கெடுக்கள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் 'கவர்ன்மெண்ட் வேலை' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். படைவீரர் மருத்துவமனை டாக்டரும், மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருப்பவரும், கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவரும் அந்த ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். இனம், நிறம், பிறந்த நாடு, மதம், பால், வயது, உடல்நிலை என ஏதோ ஒன்றைக் காரணமாக வைத்து அநியாயம் நடந்து, புகார் கொடுக்கக் கிளம்பும்போதுதான் மூவருக்கும் கெடு வேறு வேறு என்பது தெரியவருகிறது.

டாக்டர் மத்திய அரசு ஊழியர். சம்பவம் நடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் அவர் தன் துறையின் ஈ.ஈ.ஓ. (சம வேலைவாய்ப்பு) ஆலோசகரை அணுகியாக வேண்டும். பதவி நீக்கம், பதவி இறக்கம் போன்றவற்றில் அந்த உத்தரவு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 45 என்பது நாட்காட்டி நாள், வேலை நாள் அல்ல. மற்ற இருவரும் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு நேராகப் போகலாம். அவர்களுக்குப் பொதுக் கெடு 180 நாள். பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதைச் செயல்படுத்தும் அலுவலகமும் மாநிலத்தில் இருந்தால் 300 நாள். அலபாமா, மிசிசிப்பியில் 180. டெக்சாஸ், நியூயார்க், கலிபோர்னியாவில் 300.

மத்திய அரசு ஊழியருக்கு ஏன் இவ்வளவு குறைவு? சிக்கலைத் துறைக்குள்ளேயே சீக்கிரம் தீர்க்கலாம் என்பதுதான் சொல்லப்படும் காரணம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பதவி உயர்வு கைவிட்டுப் போனவர், கிடைத்தவர் யார், அவருடைய தகுதி என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆகிவிடும். எனக்குத் தெரிந்த நர்ஸ் அக்கா ஒருவர் மத்திய அரசு மருத்துவமனையில் இருந்தார். "கொஞ்சம் பொறுங்க, மேலே பேசிட்டுச் சொல்றேன்" என்று மேலாளர் சொன்னதை நம்பிக் காத்திருந்தார். ஆலோசகருக்கு அவர் போன் செய்தது 52-வது நாள். நடந்தது பாகுபாடா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை; காலம் கடந்துவிட்டது என்று புகாரைத் தள்ளிவிட்டார்கள்.

விதியில் விலக்கு இல்லாமல் இல்லை. கெடு பற்றித் துறை தெரிவிக்கவில்லை, வேறு வழியிலும் தெரிந்திருக்கவில்லை என்று காட்டினால் நாள் நீட்டித்துத் தரலாம். ஆனால் அலுவலகச் சுவரில் சுவரொட்டி ஒட்டியிருந்தால், 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது.

45 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதே 2016-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கிரீன் என்ற கறுப்பின அஞ்சல் அதிகாரி, 2009 டிசம்பர் 16-ல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஒன்று ஓய்வு பெற வேண்டும், இல்லையென்றால் குறைந்த சம்பளத்துக்கு வயோமிங்கில் ஒரு சின்ன ஊருக்குப் போக வேண்டும். 2010 பிப்ரவரி 9-ல் ராஜினாமா கொடுத்தார். மார்ச் 22-ல் ஆலோசகரை அணுகினார். ஒப்பந்த நாளிலிருந்து எண்ணினால் 96 நாள், கதை முடிந்தது. ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் 41 நாள். நெருக்கடி கொடுத்து வெளியேற்றியதாகச் சொல்லும் வழக்கில், ராஜினாமாவை அறிவித்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

சரி, மாநில ஊழியருக்கு 300 நாள் இருக்கிறதே, நிம்மதிதானே என்றால், அங்கே இருக்கும் பள்ளம் வேறு. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வயதைக் காரணமாக வைத்து ஒருவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். மத்திய அரசின் வயதுப் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் தனிநபர் மாநில அரசிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உடல் ஊனம் பற்றிய சட்டத்தில் வேலை சம்பந்தமான வழக்குகளுக்கும் 2001-ல் அதே கதி. வயது விஷயத்தில் நஷ்டஈடு வேண்டுமானால் டெக்சாஸ் மாநிலச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதன் கெடு 180 நாள். 300 இருக்கிறது என்று நம்பி 200-வது நாளில் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இனம், மதம், பால் விஷயங்களில் இந்தச் சிக்கல் இல்லை. கவுண்டி, நகராட்சி ஊழியர்களுக்கும் இல்லை, ஏனென்றால் இப்படி வழக்கிலிருந்து தப்பிக்க மாநிலத்துக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது.

கலிபோர்னியாவில் நிலைமை நேர்மாறு. மாநிலக் குடிமை உரிமைகள் துறையிடம் புகார் கொடுக்க 3 ஆண்டு இருக்கிறது. நியூயார்க்கிலும் 2024 பிப்ரவரி 15 முதல் நடந்தவற்றுக்கு 3 ஆண்டு. ஆனால் மத்தியச் சட்டத்தின் 300 நாள் தனியாக ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள நினைப்பவர் சின்னக் கெடுவைத்தான் பார்க்க வேண்டும்.

மாநில ஊழியர்களில் அதிகம் ஏமாறுபவர்கள் உள் முறையீட்டை நம்பியிருப்பவர்கள்தான். டெலாவேர் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த லைபீரியர் ரிக்ஸுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. இன்னும் ஓராண்டுதான் வேலை என்று 1974 ஜூன் 26-ல் கடிதம் வந்தது. அவர் கல்லூரிக்குள் முறையிட்டார். செப்டம்பரில் அதுவும் தள்ளுபடியானது. ஆணையத்துக்கு அவர் போனது 1975 ஏப்ரலில், அதாவது வேலை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே. இருந்தும் தாமதம் என்றது உச்ச நீதிமன்றம். முடிவைத் தெரிவித்த நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, முறையீடு நடந்தாலும் அது நிற்காது என்பது 1980-ல் வந்த தீர்ப்பு. கடைசி நாள் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு இப்படி ஒரு தீர்ப்பு என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் சட்டம் இன்றும் அதுதான்.

சம்பளக் குறைவு இதிலிருந்து தப்பியது. 2009-ல் வந்த லில்லி லெட்பெட்டர் சட்டத்தால், பாகுபாட்டோடு வரும் ஒவ்வொரு சம்பளமும் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கிறது.

மத்திய அரசு ஊழியருக்கு வேறு கதவுகளும் உண்டு. பணிநீக்கம், பதவி இறக்கம், 14 நாளுக்கு மேற்பட்ட இடைநீக்கம் என்றால் மத்திய ஊழியர்களின் முறையீடுகளைக் கேட்கும் தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியத்துக்கு 30 நாளுக்குள் போகலாம். சில இடங்களில் யூனியன் வழியாகவும் முறையிடலாம். பொதுவாக எழுத்தில் முதலில் எந்தக் கதவைத் தட்டுகிறீர்களோ அதுதான் உங்கள் பாதை, பிறகு மாற முடியாது. ஆலோசகரிடம் பேசுவது மட்டும் இப்படிக் கதவைத் தேர்ந்தெடுத்ததாக ஆகாது. அதனால் என் ஓட்டு எப்போதும் அதற்குத்தான்: முதலில் ஆலோசகர், அப்புறம் மற்றது. முறையான புகார் கொடுக்கும் வரை பெயரை வெளியிட வேண்டாம் என்றும் அவரிடம் கேட்கலாம். ஆலோசனை முடிந்து, புகார் கொடுக்கலாம் என்ற அறிவிப்பு கைக்கு வந்தால், எழுத்துப் புகாருக்கு 15 நாள்தான்.

எச்.ஆரிடம் சொன்னது கணக்கில் வராது. ஆணையத்தின் இணையதளத்தில் 'விசாரணைக் கோரிக்கை' அனுப்பியதும் புகார் ஆகாது; கையெழுத்திட்ட புகாராக அது மாற வேண்டும். மத்திய அரசு ஊழியர் என்றால், ஈ.ஈ.ஓ. அலுவலகத்துக்கே ஒரு மின்னஞ்சல்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், 'ஈ.ஈ.ஓ. நடைமுறையைத் தொடங்க விரும்புகிறேன்' என்ற ஒரு வரி. நர்ஸ் அக்கா மேலாளருக்கு அனுப்பிய நாலு மின்னஞ்சலில் எதிலும் அந்த வரி இல்லை.