முதல் ஷாட்கன்: மேல்கீழ் இரட்டைக்குழலா, செமி ஆட்டோவா?

களிமண் தட்டு சுடப் பழகுகிறவர்களுக்கு முதல் சில மாதம் இரவல் துப்பாக்கியே போதும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. பத்துப் பன்னிரண்டு சுற்று முடிவதற்குள் குறிபார்ப்பதில் ஆதிக்கம் செலுத்தும் கண் வலதா இடதா, கட்டை தோளில் எங்கே உட்காருகிறது, மனசு ட்ராப்பில் (தட்டு விலகிப் போகும் போட்டி) நிற்கிறதா ஸ்கீட்டில் (தட்டு குறுக்கே பறக்கும் போட்டி) நிற்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எதை வாங்குவது என்ற கேள்விக்கு அதன்பிறகுதான் அர்த்தம். அந்தக் கேள்வியும் கடைசியில் இரண்டில் வந்து நிற்கும்: குழல் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த, கீலில் மடங்கும் இரட்டைக்குழல், இல்லாவிட்டால் சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஒற்றைக்குழல் செமி ஆட்டோ.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு மேல்கீழுக்குத்தான். புதுசுக்குக் கை எட்டவில்லை என்றால் நல்ல பழசு. பளபளப்புக்காகவோ கௌரவத்துக்காகவோ சொல்லவில்லை, பராமரிப்புக்காகச் சொல்கிறேன்.

பொதுவான சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டும் 12 போர் (குழல் அகலத்தின் அளவு), இரண்டிலும் 70 மி.மீ. தோட்டா ஓடும். தட்டு சுட இரண்டு வெடிக்கு மேல் எப்போதும் தேவைப்படாது என்பதால் செமி ஆட்டோவின் கூடுதல் கொள்ளளவு இங்கே ஒரு லாபமே இல்லை. மேல்கீழை மடக்கிப் பிடித்தால் இருபது அடி தள்ளி நிற்பவருக்கும் அது காலி என்று தெரியும். செமி ஆட்டோவில் தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, அந்த அறையில் (சேம்பரில்) கொடி செருகிக் காட்ட வேண்டும். மேல்கீழில் இரண்டு குழலுக்கும் வேறு வேறு சோக் (குழல் வாயைச் சுருக்கி, குண்டுகள் பரவுவதைக் கட்டுப்படுத்தும் சின்னக் குழாய்) போடலாம்: அருகில் வரும் தட்டுக்குக் கால் சோக், விலகிப் போவதற்கு முக்கால். பழகுகிற காலத்தில் இது பெரிதாக உதவாது, இரண்டிலும் கால் சோக்கைப் போட்டுவிட்டு அதை மறந்துவிடலாம். பம்ப் ஆக்‌ஷன் இந்தக் கணக்கிலேயே வராது. இரண்டாவது தட்டுக்கு முன் முன்கட்டையை இழுத்துத் தள்ள வேண்டும், சர்வதேச துப்பாக்கிச் சுடும் கூட்டமைப்பின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) விதிகளும் அதை ஏற்பதில்லை. செமி ஆட்டோவை ஏற்கின்றன.

செமி ஆட்டோவுக்கு இரண்டு நிஜமான பலம் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. ஒன்று, உதை. வாயுவில் இயங்கும் செமி ஆட்டோ, உதையைக் கொஞ்சம் நீட்டிப் பரப்பித் தோளுக்குத் தருகிறது. ஒரே நாளில் நூறு தோட்டா போடும்போது இது சின்ன விஷயமில்லை. தோள் வலித்தால் கண் சிமிட்டும், கை விசையைப் பிடுங்கும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உரிப்பது பெரும்பாடு. இரண்டாவது, கட்டையைப் பொருத்துவது. பல செமி ஆட்டோக்களில் கட்டைக்கும் உடலுக்கும் நடுவே செருகும் தகடுகளைப் பெட்டியிலேயே தருகிறார்கள். தகட்டை மாற்றினால் கட்டையின் இறக்கமும் பக்கவாட்டுச் சாய்வும் சில மி.மீ. மாறும். மேல்கீழில் அதே வேலைக்குக் கன்னக்கட்டை ஏறி இறங்கும் மாடல் வேண்டும், இல்லை, தச்சு வேலை தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் வேண்டும்.

ஆனால் உதைக்கு இன்னொரு மருந்தும் இருக்கிறது, அது தோட்டாவிலேயே இருக்கிறது. ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள்; அதே வேகத்தில் 28 கிராம் ரவைக்குப் பதில் 24 கிராம் போட்டால் உதையின் ஆற்றல் ஏறத்தாழ கால்பங்கு குறையும். ஒலிம்பிக் ட்ராப்பும் ஸ்கீட்டும் 24 கிராமில்தான் நடக்கின்றன, ஆகவே 'தட்டு உடையாது' என்ற பயம் வேண்டாம். மூன்றரை கிலோ மேல்கீழில் 24 கிராம், 7½ எண் (குண்டின் பருமனைக் குறிக்கும் எண்) ரவை போட்டுச் சுட்டால் பெரும்பாலான தோள்கள் தாங்கும்.

இந்த 24 கிராமில்தான் செமி ஆட்டோவின் வண்டவாளம் வெளியே வருகிறது. குழலின் நடுவில் உள்ள சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் வாயு இறங்கி பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட் வெறும் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. தோட்டா லேசானால் தள்ளும் வாயுவும் குறைவு. புதுத் துப்பாக்கி, சுத்தமான பிஸ்டன் என்றால் ஓடிவிடும். முந்நூறு நானூறு தோட்டாவுக்குப் பிறகு பிஸ்டனைச் சுற்றிக் கரி ஏறி, ஓட்டையும் பாதி அடைத்திருக்கும் நிலையில் அதே தோட்டா போல்ட்டைப் பாதி வழி வரைக்கும்தான் தள்ளும். வெறும் கூடு வாசலில் நட்டுக்குத்தலாக மாட்டிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் போல்ட் முழுக்க மூடாமல் ஒரு நூலிழை தள்ளி நிற்கும், விசையை அழுத்தினால் வெடி இல்லை.

சுத்தம் செய்யும் வேலையைப் பாருங்கள். முன்மூடியைத் திருகி எடுத்து, முன்கட்டையை இழுத்து, குழலைக் கழற்றி, பிஸ்டனை உருவி, கரியைக் கரைப்பானில் ஊறவைத்துத் துரு ஏறாத பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வாயு ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். பிறகு பிஸ்டனை ஏறக்குறைய உலர்ந்த நிலையிலேயே மாட்ட வேண்டும். எண்ணெயைத் தாராளமாக விட்டால் அடுத்த நூறு தோட்டாவில் அதுவே கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். முதல் தடவை செய்கிறவர்கள் செய்யும் தப்பு பெரும்பாலும் இந்த எண்ணெய்தான். சில மாடல்களில் ரப்பர் வளையம் ஒன்று வாயுவை அடைத்து நிற்கும். அது கீறிவிட்டால் துப்பாக்கி நின்றுவிடும், உபரியாக ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது. போல்ட்டை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங் பல மாடல்களில் கட்டைக்குள் ஒரு குழாயில் ஒளிந்திருக்கும். கட்டையைக் கழற்றாமல் அது தெரியாது. மழையில் நனைந்த துப்பாக்கியில் அங்கேதான் துரு பிடிக்கும்.

வாயு வேண்டாம், இனர்ஷியா வகை வாங்கலாமே என்பார்கள். உண்மைதான், அது வெகுநாள் சுத்தமாகவே இருக்கும். ஆனால் துப்பாக்கி பின்னால் நகரும் வேகத்தைத்தான் அது நம்பியிருக்கிறது. தோளில் தளர்வாகப் பிடித்தாலோ, குழலில் கூடுதல் எடை மாட்டினாலோ, 24 கிராம் போட்டாலோ ஏற்றுவதில் தடுமாறும். தளர்வான பிடி புதியவர்களின் முதல் குறை என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். வாயு வகையின் மென்மையும் இதில் கிடைக்காது.

இப்போது மேல்கீழுக்கு வாருங்கள். சுட்டு முடித்ததும் குழலில் ஒரு துணி இழுக்க வேண்டும். கீல் முனைகளிலும் முன்கட்டை உரசும் வளைவிலும் பழைய கிரீஸைத் துடைத்து, அரிசி அளவு புதிதாக வைக்க வேண்டும். சோக்கைக் கழற்றி, மரையைத் துடைத்து, ஒட்டாமல் இருக்கும் பசையை மெலிதாகத் தடவி இறுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. கிரீஸ் இல்லாமல் ஓட்டினால் மட்டும் எஃகு எஃகைத் தின்னும். சோக் தளர்ந்த நிலையில் சுட்டால் குழல் வாய் வீங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் காலி என்று பார்த்துவிட்டு, விரலால் திருகி உறுதி செய்துகொள்வது வழக்கமாக வேண்டும்.

மேல்கீழிலும் பழுது வராமல் இல்லை. பல மாடல்களில் முதல் வெடியின் உதையால்தான் விசை இரண்டாவது குழலுக்கு மாறும். முதல் தோட்டா வெடிக்காவிட்டால் இரண்டாவது முறை அழுத்தும்போது விசை செத்துக் கிடக்கும், துப்பாக்கி கெட்டுவிட்டது என்று புதியவர் பதறுவார். பதறத் தேவையில்லை. குழலைக் களத்தை நோக்கி 30 விநாடி வைத்திருந்துவிட்டுத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சந்தர்ப்பத்தைச் சொல்ல வேண்டும், தராசு முள் எனக்கு முழுசாகச் சாய்ந்தது இங்கேதான். எப்போதாவது ஒரு தோட்டா 'டமார்' என்று வெடிக்காமல் 'பொத்' என்று இருமும். வெடிமருந்து சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ரவைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அதன்மேல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். மேல்கீழை மடக்கி, இரண்டு தோட்டாவையும் எடுத்துவிட்டு, பின்னாலிருந்து வானத்தைப் பார்த்தால் போதும்: வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழல் சுத்தம். இரண்டு விநாடி. செமி ஆட்டோ அதே கணத்தில் பாதி இயங்கியிருக்கும், கூடு மாட்டியிருக்கும். நெரிசலை எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றத்தான் கை போகும். நின்று, துப்பாக்கியைக் காலி செய்து, குழலைக் கழற்றிப் பார்க்கும் நிதானம் பழகியவர்களுக்கே சில நேரம் தவறுகிறது. 12 போரைவிட ஒல்லியான 20 போர் தோட்டா தப்பித்தவறிக் கலந்துவிட்டாலும் இதே கதைதான். அது 12 போர் சேம்பரைத் தாண்டி வழுக்கிப்போய் உள்ளே உட்கார்ந்துகொள்ளும், பின்னால் 12 போர் தோட்டாவும் ஏறிவிடும். 20 போர் கூட்டுக்கு மஞ்சள் நிறம் தருவது அதற்காகத்தான்.

செமி ஆட்டோதான் சரி என்று சொல்லக்கூடியவர்களும் உண்டு. உடல்வாகு சிறியவர்கள், தோளிலோ கழுத்திலோ பழைய காயம் இருப்பவர்கள், 24 கிராமே உதைக்கிறது என்பவர்கள். உதை ஆளுக்கு ஆள் மாறும் விஷயம், இதில் என் பேச்சைவிட இரண்டையும் ஐம்பது ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்த உங்கள் தோளுக்கே மரியாதை அதிகம். இடக்கைக்காரர்கள் இடப்பக்கம் கூடு எறியும் மாடலாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புகையும் தூசியும் முகத்தருகே போகும். ட்ராப் வரிசையில் பக்கத்தில் நிற்பவர்மேல் கூடு விழாமல் இருக்க ஒரு தடுப்புக் கொக்கி மாட்டுவதும் மரியாதை.

பழைய மேல்கீழ் வாங்குவதாக இருந்தால் காலி என்று உறுதி செய்துகொண்டு, மூடிய நிலையில் மேல் நெம்புகோலைப் பாருங்கள். பொதுவாகப் புதுசில் அது நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் நிற்கும், தேயத் தேய நடுவுக்கு நகரும். இடப்பக்கம் தாண்டியிருந்தால் பூட்டு தேய்ந்தது. அடுத்து முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைக் கட்டைக் கழுத்தில் பிடித்து ஆட்டுங்கள். முன்கட்டை கீலை அழுத்திப் பிடித்து ஆட்டத்தை மறைக்கும், அதனால்தான் அதைக் கழற்றச் சொல்வது. லேசாக 'டக்' என்றாலும் விடுங்கள், அல்லது கீல் முனை மாற்றக்கூடிய மாடலா என்று கேட்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். கடைசியாக, குழல்களைத் தனியாகக் கழற்றி, கீல் கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, மர ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். மணிபோல நீண்டு ஒலித்தால் பக்கப் பட்டைகளின் பற்றவைப்பு நலம். தகரம்போல 'டப்' என்று செத்தால் எங்கோ விட்டிருக்கிறது. அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.