பள்ளி வேன் வைத்திருப்பவர்களுக்கு: இடம் காட்டும் செயலி என்று சொல்லி ஒருவர் வருகிறார், கவனம்

ஈப்போவிலிருந்து கோலகங்சார் வரை பள்ளி வேன், தொழிற்சாலை பஸ், செம்பனை (எண்ணெய்ப்பனை) லாரி வைத்திருப்பவர்களைத் தேடிப்போய் ஒருவர் செயலி விற்கிறார். வண்டி எங்கே போகிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாமாம். நான் சுங்கை சிப்புட்டில் மூன்று பள்ளி வேன் விடுகிறவன். இந்த ஆளிடம் 4,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போனது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போவதால் பெயர் எழுதவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை எழுதினால் அடுத்தவராவது தப்பிப்பார்.

எங்கள் வேன்கள் தோட்டத்துக்குள் போய்ப் பிள்ளைகளை ஏற்றுகின்றன. காலை ஆறு மணிக்கு இங்கே இன்னும் இருட்டு. அம்மா அப்பா இருவரும் பால்வெட்டுக்கோ குலை வெட்டவோ கிளம்பும் நேரம் அது; பிள்ளைகள் தனியாகச் சாலையோரம் நிற்பார்கள். "அண்ணே, வேன் எங்க வருது?" என்று வரிசையாக அழைப்பு வரும். ஓட்டுகிறவர் கைப்பேசியை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதனால் பெற்றோரே வரைபடத்தில் பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று நானும் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஆள் ஈப்போவில் தன் காரிலேயே என்னை ஏற்றிச் செயலியை ஓட்டிக் காட்டினார். நீல நிற வண்டி ஒன்று வரைபடத்தில் வழுக்கிக்கொண்டு போனது; நாங்கள் திரும்பினால் அதுவும் திரும்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாதிப் பணம் முன்னால், மீதி செயலி கைக்கு வந்ததும் என்று பேச்சு. செயலி பிளே ஸ்டோரில் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக, அதாவது ஸ்டோர் இல்லாமல் நேராகக் கைப்பேசியில் நிறுவும் ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பாக, வந்தது. கேட்டதற்கு, "ஸ்டோர்ல போட்டா லேட்டாகும் பாஸ்" என்றார். பின்னணியில் இருந்துகொண்டு இடத்தைக் கேட்கும் செயலிகளை கூகுள் தனியாகப் பரிசீலிக்கிறது. எதற்காக அந்த அனுமதி என்று படிவத்தில் விளக்க வேண்டும், செயலி இயங்குவதைக் காணொளி எடுத்தும் காட்ட வேண்டும். இவர் ஏன் அந்தப் பக்கமே போகவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

பட்டணத்துக்குள் ஓரளவு சரியாக இருந்தது. தோட்டத்துக்குள் போனதும் கூத்து. வேன் முச்சந்தியில் நிற்கிறது, நேரம் 'இப்போது' என்று காட்டும். அங்கே நிற்கும் பிள்ளைக்கு வேன் கண்ணிலேயே படாது. அது அந்த இடத்தைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். சில நாள் வேன் கோலாலம்பூரிலேயே இருக்கும். ஓர் அம்மா என்னை அழைத்து, "என் பையன ஏன்ணே கேஎல்லுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். பாதி சிரிப்பு, பாதி பயம்.

விற்றவரிடம் சொன்னால் ஒரே பதில்: "தோட்டத்துல ஜிபிஎஸ் லைன் இல்ல பாஸ்." இதை யாரும் நம்பாதீர்கள். ஜிபிஎஸ்ஸுக்கு கைப்பேசிக் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி அதை வாங்கிக் கணக்குப் போடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் போதும். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக வரும். வளர்ந்த செம்பனை மட்டைகளுக்குக் கீழே அது குறையும், உண்மைதான். அதற்காக வேன் சிலாங்கூரைத் தாண்டிப் போய்விடாது. தோட்டத்தில் இல்லாமல் போவது, கண்டுபிடித்த இடத்தை அனுப்பத் தேவையான டேட்டா. ஒழுங்காக எழுதிய செயலி அந்த நேரத்தில் புள்ளிகளை கைப்பேசியிலேயே சேமித்து வைத்து, லைன் வந்ததும் அந்தந்தப் புள்ளிக்குரிய நேரத்தோடு அனுப்பும்.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த ஒரு பெண் பினாங்கில் ஆண்ட்ராய்டு செயலி எழுதும் வேலையில் இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது அந்த ஏபிகேயைக் கணினியில் பிரித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், "மாமா, இது வேன் எங்க இருக்குன்னு கேக்கவே இல்ல" என்றாள்.

ஆண்ட்ராய்டில் இடத்தைக் கேட்க இரண்டு வழி இருக்கிறதாம். கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கேட்பது ஒன்று. 'கெட் லாஸ்ட் லொக்கேஷன்' என்பது அதன் பெயர். கைப்பேசி ஏற்கெனவே நினைவில் வைத்திருப்பதை எடுத்துக் கொடுக்கும். அது பழையதாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பேட்டரி செலவு குறைவு, எழுதுவதும் சுலபம். நகரும் வண்டிக்கு இன்னொரு வழிதான் சரி: இத்தனை விநாடிக்கு ஒரு முறை புது இடம் கொடு என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது. இவருடைய செயலியில் முதல் வழி மட்டும்தான் இருந்தது. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வது மாதிரி.

அப்படியென்றால் ஈப்போவில் மட்டும் எப்படி அவ்வளவு அழகாக ஓடியது? அவள் கேட்டாள்: "அன்னிக்கு அவர் போன்ல வேற ஏதாவது மேப் ஓடுச்சா மாமா?" ஓடியது. வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியின் குரல் கார் முழுக்க வழி சொல்லிக்கொண்டே வந்தது. வேஸ் தனக்காகப் புது இடத்தைக் கேட்கக் கேட்க, கைப்பேசியின் நினைவில் இருக்கும் கடைசி இடமும் புதிதாகிக்கொண்டே இருந்திருக்கிறது. இவர் செயலி அதை எடுத்துத் தன்னுடையது போலக் காட்டியது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வண்டி வழுக்கிப் போனது வெறும் அசைவூட்டம்.

இதையெல்லாம் அரைகுறை வேலை என்று விட்டுவிடலாம். அடுத்து அவள் காட்டியதை அப்படி விட முடியாது. ஆண்ட்ராய்டு தரும் ஒவ்வோர் இடத்தோடும் அது எடுக்கப்பட்ட நேரமும், எத்தனை மீட்டர் வட்டத்துக்குள் சரி என்ற மதிப்பீடும் சேர்ந்தே வருகின்றன. அந்த வட்டத்துக்குள் உண்மையான இடம் இருக்க 68 விழுக்காடு வாய்ப்பு என்று கணக்கு. வட்டம் பெரிதாக இருந்தால் நம்பாதே என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கலாம். இவர் இரண்டையும் வீசிவிட்டு, புள்ளிக்குப் பக்கத்தில் கைப்பேசிக் கடிகாரத்தின் அப்போதைய நேரத்தைப் போட்டிருக்கிறார். பழைய இடம், புது நேரம். தவறிப்போய் இப்படி வராது. உட்கார்ந்து எழுதிய வரி அது.

கோலாலம்பூர் மர்மமும் அங்கேயே உடைந்தது. நினைவில் இடம் எதுவும் இல்லையென்றால் ஓர் இணையதளத்திடம் ஐபி முகவரியை (இணையத்தில் கைப்பேசிக்குக் கிடைக்கும் எண்ணை) வைத்து இடம் கேட்கும்படி எழுதியிருந்தார். அந்த முகவரி தொலைத்தொடர்பு நிறுவனத்துடையது. கோலாலம்பூரில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. எங்கள் வேன் அங்கே போய்விட்டது.

திரை அணைந்தால் செயலி தூங்கிவிடும் என்பதும் தெரிந்தது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் கிடக்கும் செயலிக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு சில முறைதான் இடம் கிடைக்கும். தொடர்ந்து வேண்டுமென்றால், இயங்கிக்கொண்டிருக்கிறேன் என்று மேலே அறிவிப்புக் காட்டியபடி இயங்கும் சேவையாக எழுத வேண்டும். இதில் அந்த அறிவிப்பு வந்ததே இல்லை. 2021இன் ஆண்ட்ராய்டு 12இல் பயனர் 'தோராயமான இடம்' மட்டும் கொடுக்கலாம். எங்கள் ஓட்டுநர் ஒருவர் அதைத் தட்டியிருந்தார். அப்போது ஒன்றரைக் கிலோமீட்டர் வரை தள்ளிக் காட்டும். செயலி அதைக் கவனிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

காசு போனதைவிட எனக்கு வயிறு எரிந்தது வேறு இடத்தில். பெற்றோருக்குக் கொடுத்த இணைப்பின் கடைசியில் ஓர் எண் இருக்கும். அந்த 2ஐ 3 ஆக்கினால் அடுத்த வேன் தெரியும். 17 என்று போட்டோம். முன்பின் தெரியாத யாருடைய வண்டியோ வந்தது. கடவுச்சொல் கிடையாது. எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் எந்த இருட்டில் தனியாக நிற்கிறது என்பதை எவனும் உட்கார்ந்து பார்க்கலாம். அன்றிரவே எல்லா ஓட்டுநர் கைப்பேசியிலும் இட அனுமதியை நீக்கினோம்.

இதையெல்லாம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'வெர்ஷன் டூ' தருகிறேன், இன்னும் 1,800 வெள்ளி என்றார். மூல நிரலையாவது (செயலியை எழுதிய வரிகளையாவது) கொடுங்கள், வேறு யாரையாவது வைத்துச் சரிசெய்கிறேன் என்றேன். அது கம்பெனி சொத்தாம். சில நாளில் வரைபடமே வெறும் சாம்பல் கட்டமாகிவிட்டது, மூலையில் கூகுள் பெயர் மட்டும். கூகுள் வரைபடத்தைச் செயலிக்குள் காட்ட அனுமதிக்கும் சாவி அவருடைய கணக்கில் இருந்திருக்கிறது, பிடுங்கிவிட்டார் போல.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் விசாரித்தேன். 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதற்குத்தான். என்னுடையது தொழில். அதனால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழியில் போகிறேன். அதில் வழக்கறிஞர் வைக்காமல் நாமே பேச வேண்டும். வங்கி ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அந்த ஏபிகே கோப்பும்தான் என் கையில் இருப்பவை.

வேறு யாரிடமாவது இப்படி ஒரு செயலி வாங்குவதாக இருந்தால், விற்பவர் கைப்பேசியில் பார்க்காதீர்கள். உங்கள் ஓட்டுநரின் கைப்பேசியில், வேஸையும் மற்ற வரைபடங்களையும் மூடி, திரையை அணைத்துவிட்டு, டேட்டா இல்லாத தோட்டத்துக்குள் போய்த் திரும்பி வாருங்கள். வந்த பிறகு போன பாதை முழுவதும் சரியான நேரத்தோடு வரைபடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். மூல நிரலும் வரைபடச் சாவியும் உங்கள் பெயரில் இருக்கும் என்று எழுத்தில் வாங்கிய பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.

இப்போதைக்கு எங்கள் ஓட்டுநர்கள் கிளம்பும் முன் பெற்றோர் குழுவில் வாட்ஸ்அப் நேரலை இடத்தைப் பகிர்கிறார்கள். ஒரு மணி நேரம் என்று வைத்தால் தானாக நின்றுவிடும். தோட்டத்துக்குள் அதுவும் விட்டு விட்டுத்தான் வரும், ஆனால் கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று உள்ளபடி சொல்கிறது.

இதே ஆளிடம் வாங்கியவர்கள் இருந்தால், செயலியை நீக்கும் முன் ஏபிகே கோப்பை நகலெடுத்து வையுங்கள். ரசீதின் படத்தோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். 17ஆம் எண் வண்டிக்காரர் இதைப் படித்தால், உங்கள் வண்டி போகும் வழி இன்னும் வெளியில் தெரிகிறது.