ஜீலாங் கேட்ஸின் ஆள் சேர்ப்பு: நீண்டநாள் உறுப்பினராக என் அனுபவம்

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தின் பெரிய லீக்கான ஏ.எஃப்.எல்.-இல் அக்டோபரில் டிரேட் (கிளப்புகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) முடியும், நவம்பரில் டிராஃப்ட் (இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முடியும், மறுநாளே ஒவ்வொரு கிளப்புக்கும் பத்திரிகைகள் மதிப்பெண் போட்டுவிடும். அதை நான் படிப்பதோடு சரி. பதினெட்டு வயதில் எடுத்த பையன் தேறுவானா என்று தெரிய நான்கைந்து வருஷம் ஆகும். வேறு கிளப்பிலிருந்து வந்தவர் நம் ஆட்டத்துக்குப் பொருந்துவாரா என்று தெரியவே இரண்டு சீசன் வேண்டும். 44 வருஷக் காத்திருப்பு முடிந்த 2007-இலிருந்து ஜீலாங்கின் உறுப்பினர் அட்டையை வருஷம் தவறாமல் புதுப்பித்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: மற்ற கிளப்புகள் கடைசியில் கவனிக்கிற இடத்தில், சில சமயம் கவனிக்காமலே விட்டுவிடுகிற இடத்தில், ஆள் கண்டுபிடிப்பதுதான் இந்த கிளப்பின் உண்மையான பலம். பெரிய பெயர்கள் வந்து ஜொலிப்பதெல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஐ.பி.எல். மாதிரி இங்கே ஏலம் கிடையாது. டிராஃப்ட்டில், புள்ளிப்பட்டியலில் கடைசியாக வந்த அணி இளம் ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். சம்பளத்துக்கும் எல்லா கிளப்புக்கும் பொதுவான உச்சவரம்பு உண்டு. நன்றாக ஆடும் அணி காலப்போக்கில் கீழே இறங்கவேண்டும், தோற்கும் அணி மேலே வரவேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு இது. 2007-இலிருந்து 2025 வரை ஜீலாங் ஃபைனல்ஸுக்கு (மேலே வந்த அணிகள் கோப்பைக்காக மோதும் சுற்று) போகாத வருஷங்கள் 2015, 2023 இரண்டு மட்டுமே. ஏறக்குறைய இருபது வருஷமாக வரிசையின் கடைசியில் நின்று ஆள் எடுத்துக்கொண்டே மேலே இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவையில்லை.

கோப்பையைத் தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தருவது நார்ம் ஸ்மித் பதக்கம். நான் பார்த்த நான்கு கோப்பைகளில் அதை வாங்கியவர்கள்: 2007-இல் ஸ்டீவ் ஜான்சன், 2009-இல் பால் சாப்மன், 2011-இல் ஜிம்மி பார்ட்டல், 2022-இல் ஐசக் ஸ்மித். ஜான்சன் 24-ஆவது பிக் (டிராஃப்ட்டில் 24-ஆவதாக எடுக்கப்பட்டவர்), சாப்மன் 31-ஆவது, பார்ட்டல் 8-ஆவது. மூவரும் 1999, 2001 டிராஃப்ட்களில் வந்தவர்கள். ஸ்மித்தோ ஹாத்தார்னில் மூன்று கோப்பைகளை வென்றுவிட்டு ஃப்ரீ ஏஜென்ட்டாக (ஒப்பந்தம் முடிந்து, டிரேட் இல்லாமலே கிளப் மாறுபவராக) வந்து, 33 வயதில் அந்தப் பதக்கத்தை வாங்கினார். 2016 ஃபைனல்ஸில் ஹாத்தார்னுக்காகச் சைரன் அடித்த பிறகு அவர் அடித்த உதை தவறியதால்தான் ஜீலாங் இரண்டு புள்ளியில் தப்பியது. அதே கால் ஆறு வருஷம் கழித்து நமக்காக ஆடியது. கிளப்பின் வழி எப்படி மாறியது என்று இந்த நான்கு பெயர்களிலேயே தெரியும்.

பழைய காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீபன் வெல்ஸ் என்ற பெயரை ஜீலாங் ரசிகர்கள் மரியாதையோடுதான் சொல்வார்கள். தொண்ணூறுகளிலிருந்து ஆள் தேடும் பொறுப்பில் இருந்தவர். 1999-இல் அவர் தலைமையில் வந்தவர்கள் ஜோயல் கோரி, சாப்மன், கேமரன் லிங், கோரி என்ரைட். 2001-இல் பார்ட்டல், ஜேம்ஸ் கெல்லி, ஜான்சன், கூடவே தந்தை-மகன் விதியில் (கிளப்பின் பழைய ஆட்டக்காரருடைய மகனை அதே கிளப் எடுத்துக்கொள்ளலாம்) 40-ஆவது பிக்கில் கேரி அப்லெட் ஜூனியர். இரண்டே டிராஃப்ட்களில் ஒரு தலைமுறையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. இதில் எனக்கு மிகப் பிடித்தது என்ரைட்தான். 47-ஆவது பிக். ஆர்ப்பாட்டமே இல்லாத பின்வரிசை ஆட்டக்காரர், 332 ஆட்டங்கள், ஆறு முறை ஆல் ஆஸ்திரேலியன், அதாவது அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் அணியில் இடம். நாற்பத்தாறு பேரை எடுத்து முடித்த பிறகும் அந்தப் பையன் மிச்சமிருந்தான் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடிவதில்லை.

தந்தை-மகன் விதியைப் பற்றி மற்ற கிளப் ரசிகர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஸ்கார்லெட், அப்லெட், ஹாக்கின்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். 2006-இல் டாம் ஹாக்கின்ஸ் 41-ஆவது பிக்கில் கிடைத்தது அப்பட்டமான மலிவு விலை. அதற்குப் பிறகு மற்ற கிளப்புகளும் கேட்டுப்பார்க்கலாம், சொந்த கிளப் அதற்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று விதியை மாற்றினார்கள். மாற்றியது சரி. ஆனால் அதே 2006-இல் ஜோயல் செல்வுட் 7-ஆவது பிக்கில் வந்ததற்கு எந்த விதியும் காரணமில்லை. அந்த வருஷம் முழங்கால் காயத்தால் அவர் அதிகம் ஆடவில்லை, மற்றவர்கள் தயங்கினார்கள், ஜீலாங் தயங்கவில்லை. 355 ஆட்டங்கள், நான்கு கோப்பைகள்.

அப்புறம் ஒரு வறட்சி வந்தது. 2011 கோப்பைக்குப் பிறகு நான்கைந்து வருஷம் டிராஃப்ட்டில் கை சரியாக விழவில்லை. முதல் சுற்றில் எடுத்த ஜாக்சன் தர்லோ, டார்சி லாங், 2014-இல் 10-ஆவது பிக்கில் வந்த நக்கியா காக்கட்டூ என யாருமே அணியில் நிலைக்கவில்லை. காக்கட்டூவின் காலில் மின்னல் இருந்தது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. அந்தப் பையனை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கும். 2011-இல் எடுத்து ஒரு சீனியர் ஆட்டம்கூடக் கொடுக்காமல் விட்ட ஜோயல் ஹேம்லிங் 2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸோடு கோப்பை வென்றார். 2013, 2016, 2017, 2019, 2021 என்று கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய பிரிலிமினரி ஃபைனல் வரை வந்து வந்து திரும்பியதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 20-லிருந்து 24 வயதில் இருக்கவேண்டிய ஓர் அடுக்கே அணியில் மெலிந்துபோனது.

அந்த ஓட்டையை அவர்கள் அடைத்த விதம்தான் இந்த கிளப்பை நான் விடாமல் இருப்பதற்குக் காரணம். 2015 முடிவில் அடிலெய்டிலிருந்து பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் வந்தார். ஜீலாங்கிலிருந்து கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் வரும் மாக்ஸ் கிரீக்கில் வளர்ந்தவர், வீடு திரும்பினார். மறுவருஷமே லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம். எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். என் கண்ணில் அதைவிடப் பெரிய வேலை சத்தமில்லாமல் நடந்தது.

டாம் ஸ்டூவர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் லீக்கில் சவுத் பார்வனுக்கு ஆடியவர், 23 வயது, 2016-இல் 40-ஆவது பிக். மற்ற கிளப்புகள் பதினெட்டு வயதுப் பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது தன் வாசலில் நின்றவரை ஜீலாங் கூப்பிட்டது. ஜீலாங்கின் சொந்த மைதானமான கார்டினியா பார்க்கில் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து அவரை மட்டும் ஒரு கால் பகுதி பாருங்கள். எதிரணி மிட்ஃபீல்டர் பந்தைக் காலுக்கு விடுவதற்கு முன்பே தன் ஆளை விட்டு நகரத் தொடங்கியிருப்பார். ஃபார்வர்ட் குதிக்கும்போது இவர் குறுக்கே வந்து, முழங்காலை ஏற்றி, தலைக்கு மேலே மார்க் (உதைத்த பந்தை நேராகப் பிடிப்பது) பிடித்திருப்பார். தரையில் கால் படும்போதே கண் மைதானத்தின் அந்தக் கோடியில் யார் தனியாக நிற்கிறார் என்று தேடும். ஐந்து முறைக்குக் குறையாமல் ஆல் ஆஸ்திரேலியன் ஆன ஒருவர், ஊர் மைதானங்களில் கேட்பாரற்று ஆடிக்கொண்டிருந்தார்.

மார்க் பிளிகாவ்ஸ் கதை இன்னும் விசேஷம். 198 செ.மீ. உயரம், ஸ்டீபிள்சேஸ் ஓட்டக்காரர், லண்டன் ஒலிம்பிக்ஸைக் குறிவைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர். அவரை ரூக்கியாக (முதன்மைப் பட்டியலுக்கு வெளியே வைத்துப் பழக்கும் புது ஆளாக) சேர்த்து, ஆட்டத்தை ஏறக்குறைய அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். 2015-இலும் 2018-இலும் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கினார். ஜாக் ஹென்றி, பிராட் க்ளோஸ், டாம் அட்கின்ஸ், அயர்லாந்தின் கெரியிலிருந்து வந்த மார்க் ஓ'கானர் எல்லோரும் ரூக்கிப் பட்டியல் வழியாக உள்ளே வந்தவர்கள்தான்.

2022 கிராண்ட் ஃபைனலில் சிட்னியை 81 புள்ளியில் வீழ்த்திய 22 பேரைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் முழுசாகத் தெரியும். மற்ற ஏ.எஃப்.எல். கிளப்புகளிலிருந்து வந்தவர்கள் ஏழு பேர்: டேஞ்சர்ஃபீல்ட், ஜெரமி கேமரன், ஐசக் ஸ்மித், ஸ்டெங்கிள், டூயி, ரோஹன், ஸ்டான்லி. மீதி பதினைந்து பேர் வீட்டில் வளர்ந்தவர்கள். அந்தப் பதினைந்து பேரில் டிராஃப்ட்டின் முதல் பத்துக்குள் எடுக்கப்பட்டவர் செல்வுட் ஒருவர்தான். 'காசு கொடுத்து வாங்கிய கோப்பை' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

டைசன் ஸ்டெங்கிளைத் தனியாகச் சொல்லவேண்டும். ரிச்மண்ட், பிறகு அடிலெய்ட். 2021-இல் அடிலெய்டோடு ஒப்பந்தம் முறிந்து, அந்த வருஷம் முழுக்கத் தெற்கு ஆஸ்திரேலிய லீக்கில் ஆடினார். திறமை இருந்தும் பெரும்பாலான கிளப்புகள் அவரை ஒரு தலைவலியாகப் பார்த்தன. ஜீலாங் கைநீட்டியது. அதே நேரம் அவருக்கு நெருக்கமான எடி பெட்ஸைப் பயிற்சியாளர் குழுவிலும் சேர்த்துக்கொண்டது. ஆளை எடுத்தால் மட்டும் போதாது, அவர் நிற்பதற்கு ஓர் இடத்தையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வருஷமே ஆல் ஆஸ்திரேலியன், கிராண்ட் ஃபைனலில் 4 கோல். அன்றைக்கு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து என் கண் கலங்கியது.

பெரிய டிரேட்களில் கிளப்பின் கணக்கு எப்போதும் தெளிவாக இருக்கும். கேமரனுக்காக 2020-இல் மூன்று முதல் சுற்றுப் பிக்குகளைக் கொடுத்தார்கள். ஹாக்கின்ஸுக்குப் பக்கத்தில் நிற்க, ஓடி ஆடக்கூடிய ஓர் உயரமான ஃபார்வர்ட் தேவைப்பட்டது. தேவை தெரிந்து விலை கொடுத்தார்கள். 2022 கோப்பை கையில் இருந்த அடுத்த மாதமே கோல்ட் கோஸ்ட் சம்பளச் சுமையில் தவிப்பதைப் பார்த்து, ஜாக் பௌஸையும் அவரோடு 7-ஆவது பிக்கையும் சேர்த்து ஒரு பின்சுற்றுப் பிக்குக்கு வாங்கினார்கள். மற்ற கிளப்புகளுக்குக் கோபம் வந்தது இயல்புதான், ஆனால் அந்த வாய்ப்பு எல்லோருக்கும் திறந்தே இருந்தது. 2024 முடிவில் பெய்லி ஸ்மித். முழங்கால் அறுவை சிகிச்சையால் அந்த சீசன் முழுக்க ஆடாதவர், மறுவருஷம் ஆல் ஆஸ்திரேலியன்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. முதல் குறை ரக், அதாவது நடுவில் பந்தை மேலே விடும்போது குதித்துத் தட்டும் உயரமான ஆட்டக்காரர். 2004 முடிவில் ரிச்மண்டிலிருந்து பிராட் ஆட்டன்ஸைக் கொண்டுவர இரண்டு முதல் சுற்றுப் பிக்குகளைக் கொடுத்தார்கள். அதன் பலன் மூன்று கோப்பைகள். அவர் 2011-இல் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த இடத்துக்கு அந்த அளவு அக்கறையோடு யாரையும் தேடவில்லை. மக்கின்டாஷ், ஸாக் ஸ்மித், ஸ்டான்லி என்று ஒட்டுப்போட்டே காலம் ஓட்டுகிறார்கள். ஸ்டான்லி 2022-இல் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், அதை மறுக்கமாட்டேன். ஆனால் முப்பதைத் தாண்டிய பிளிகாவ்ஸை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, தன்னைவிடக் கனமான ஆட்களோடு மோதவிடுவது ஒரு திட்டம் ஆகாது. இளம் ரக் ஆட்டக்காரர் டோபி கான்வேயின் உடம்பு தேறவேண்டும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்.

இன்னொரு குறை, வயதானவர்களை நம்பி இளைஞர்களைக் காக்கவைத்தது. 2022 அணி கிராண்ட் ஃபைனல் ஆடிய அணிகளிலேயே மிக மூத்தது. அதற்கான விலை ஜோர்டன் கிளார்க். 2018-இல் 15-ஆவது பிக், முதல் வருஷம் அழகாக ஆடினார், பிறகு இடம் கிடைக்காமல் 2021 முடிவில் ஃப்ரீமான்டிலுக்குப் போய் அங்கே முக்கியமான ஆளாகிவிட்டார். 2023-இல் நாம் பன்னிரண்டாவது இடத்துக்குச் சரிந்தபோது பின்வரிசையிலிருந்து ஓடிவரும் அந்தக் கால்களைத் தேடினேன். இன்னோர் ஆட்டக்காரர் டிம் கெல்லி போனது வேறு கதை. குடும்பத்துக்காக மேற்கு ஆஸ்திரேலியா திரும்பினார், யாரையும் குறை சொல்ல முடியாது.

2023-க்குப் பிறகு கிளப் இதை உணர்ந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. ஆட்டக்காரர் பட்டியலை இப்போது பார்த்துக்கொள்கிற ஆண்ட்ரூ மேக்கி, 2007, 2009, 2011 மூன்று கோப்பைகளிலும் ஆடியவர். மேக்ஸ் ஹோம்ஸ், ஓலி டெம்ப்சி இருவருக்கும் தொடர்ந்து ஆட்டம் கிடைத்தது. ரூக்கியாக வந்த டெம்ப்சி 2024-இல் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருதை வாங்கினார். ஹோம்ஸ் தொடைத்தசைக் காயத்தால் 2022 கிராண்ட் ஃபைனலைத் தவறவிட்டவர். அந்தப் பையனுக்கு ஒரு கோப்பை கடன் இருக்கிறது.

2025 கிராண்ட் ஃபைனலில் பிரிஸ்பேன் நம்மை 47 புள்ளியில் தோற்கடித்தது. கேமரன் கை முறிந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்தார். பிரிஸ்பேனின் இளம் கால்கள் கடைசிவரை ஓடிக்கொண்டேயிருந்தன. கேமரன், ஸ்டூவர்ட், பிளிகாவ்ஸ், டேஞ்சர்ஃபீல்ட் எல்லோருமே முப்பதைத் தாண்டியவர்கள். அடுத்த இரண்டு டிராஃப்ட்களில் ஜீலாங் தன் முதல் சுற்றுப் பிக்குகளை விற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓர் உயரமான ஃபார்வர்டையும் ஒரு நிஜமான ரக் ஆட்டக்காரரையும் பதினெட்டு வயதிலேயே எடுத்து, மூன்று வருஷம் பொறுமையாக வளர்க்கவேண்டும். உறுப்பினர் அட்டையை இந்த வருஷமும் புதுப்பித்துவிட்டேன்.